மூன்றாம் கூரையின் பச்சை

ராஜகிரி மலைக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில் கம்பி வேலிக்குள் பன்னிரண்டு கட்டங்கள். கல்லூரியிலிருந்து வரும் மணிமொழி மேடம் கயிறு கட்டிப் பிரித்தவை. நாலுக்கு வானம் கொடுக்கிற மழை மட்டும். நாலுக்கு மழை போக வாரம் இரண்டு குடம். மீதி நாலுக்கு மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கூரை. ஒரு துளி விழக்கூடாது. எவ்வளவு தண்ணீருக்கு எந்தப் புல் எவ்வளவு வளர்கிறது என்று வருஷம் முழுக்க அளக்கிற வேலை. காவல் இருந்து குடம் ஊற்றுகிறவள் ஜெயக்கொடி.

புருஷன் போய் ஏழு வருஷம். மகளை அவலூர்பேட்டையில் கட்டிக் கொடுத்தாயிற்று. காலையில் வேலிக்கதவைத் திறந்தால் பொழுது சாயும்வரை பேச ஓர் ஆள் கிடையாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மேடம் வருவார். புல்லை அளந்துவிட்டு, "சாப்பிட்டீங்களா ஜெயக்கொடி, என்ன கொழம்பு?" என்பார். அந்தக் கேள்விக்காகவே அன்றைக்கு அவள் நல்ல குழம்பாக வைத்து எடுத்து வருவாள்.

தீபாவளிக்கு முன்னால் வந்த மேடம், பரீட்சை வேலையில் மாட்டி, இந்தத் தடவை பொங்கல் கழித்துத்தான் வந்தார். கூரைகளுக்குக் கீழே எல்லாம் சருகு. மூன்றாம் கூரையின் ஓரத்தில் மட்டும் ஒரு முறம் அகலத்துக்கு அருகம்புல் பச்சைப்பசேலென்று நின்றது.

"கூரை ஒழுகுதா?" மேடம் அண்ணாந்து தடவிப் பார்த்தார்.

"கொரங்கு மேடம். அதுங்க ஒண்ணுக்குப் போவ வேற எடமா இல்ல?"

"தெனம் ஒரே எடத்துலயா? ரொம்ப ஒழுக்கமான கொரங்குதான்!"

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. ஐப்பசி மழையில் நனையாமல் உட்கார்ந்து சோறு தின்ன அவளுக்கு அந்தக் கூரையோரம்தான் இருந்தது. தின்று முடித்துக் கை கழுவுகிற தண்ணீரை வெறுந்தரையில் கொட்டி அவளுக்குப் பழக்கமில்லை. எந்தச் செடி பக்கத்தில் இருக்கிறதோ அதன் காலடியில்தான் ஊற்றுவாள். மழை விட்ட பிறகும் இடத்தை மாற்றவில்லை. சொன்னால் வேலை போய்விடும். வேலை போனால், என்ன குழம்பு என்று கேட்கவும் ஆள் இல்லை.

மேடம் நோட்டைத் திறந்தார். "தண்ணியே இல்லாம இந்த அருகு தாங்குது போலிருக்கே. ஆச்சரியம்தான்."

"எழுதாதீங்க மேடம். அது தாங்கல. நான்தான் ஊத்துனேன். கை கழுவுன தண்ணி. தெனம் ஒரு சொம்பு."

மேடம் மற்ற கூரைகள் பக்கம் திரும்பினார். "மத்த மூணுலயும்?"

"கையக்கூட ஒதறல மேடம். சத்தியமா."

நோட்டில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. "இந்தக் கட்டம் இனி சேராது. ஒரு வருஷ வேலை போச்சு. நாளையிலிருந்து சோறு வேலிக்கு வெளியில." குழம்பைப் பற்றிக் கேட்காமலே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மறுநாள் ஜெயக்கொடி வேலிக்கு வெளியே பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். நேற்று மேடத்துக்காக வைத்த குழம்பு, இன்றைக்குச் சுண்டிப்போயிருந்தது. கழுவாத கையோடு சொம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாம் கூரையை ஒதுங்கித் தாண்டி, மூன்றாவதன் ஓரத்தில் குந்தினாள்.

"ஒன்னத்தான் தள்ளிட்டாங்களே, இனிமே குடி," என்று கையைக் கழுவினாள். தண்ணீர் முழுக்க இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"கருவாட்டுக் கொழம்பு."