வண்டி வராத தெருக்கள்

அலுவலகத்தில் அவளைக் 'கணக்கம்மா' என்பார்கள். வீட்டில் அவள் சின்னவள். நகரச் சுகாதாரத் துறையில், எந்தத் திட்டத்துக்குப் போகும் பணம் எத்தனை உயிரைக் காக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. காசநோயைத் தேடித் தெருத் தெருவாகப் போகும் எக்ஸ்ரே வண்டியின் கணக்கு அந்த ஆண்டு அவளிடம் வந்தது.

வண்டி ஒன்றுதான், நகரமோ பெரிது. துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த நெரிசலான குடியிருப்புகளில் வண்டி போகும்போதெல்லாம் நோயாளிகள் தட்டுப்பட்டார்கள். மேட்டுத் தெருக்களில் பொழுதெல்லாம் நின்றும் ஒருவரும் அகப்படாத நாட்களே அதிகம். அங்கே ஒருவரைக் கண்டுபிடிக்கும் செலவில் கீழே எட்டுப் பேரைக் கண்டுபிடிக்கலாம். விரலுக்குத் தக்க வீக்கம்தானே? மேட்டுத் தெருக்களை விட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுத்தாள். அவற்றில் ஒன்றில்தான் அக்கா குடும்பம் இருந்தது. சொந்தம் இருக்கிறது என்பதற்காகக் கணக்கை வளைக்கக் கூடாது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அத்தானுக்கு அச்சகத்தில் வேலை. எதையும் சிரிப்பாக்கிவிடுகிற மனிதர். இருமல் வந்தபோது காகிதத் தூசி என்றார். உடம்பு இளைத்து பேன்ட் தொளதொளத்தபோது, உங்கள் அக்கா சமையலைச் சாப்பிட்டு எவன் தேறுவான் என்றார். சின்னவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஒருநாள் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர் ரத்தமாக இருமினார். ஒரு நுரையீரல் பாதி கெட்டிருந்தது. வீட்டிலிருந்தவர்களைச் சோதித்ததில், பள்ளிக்கூடம் போகிற மகள் சின்னக்குட்டிக்கும் நோய் பற்றியிருந்தது தெரிந்தது.

முன்பெல்லாம் அந்தப் பக்கம் வண்டி வரும், இப்போது நிறுத்திவிட்டார்கள் என்று வார்டு நர்ஸ் அக்காவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அன்று மாலை சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா வராந்தாவிலேயே நின்றிருந்தாள்.

"எங்க தெரு வேண்டாம்னு எழுதினது யாரு?"

"நான்தான்க்கா."

"நாங்க அங்கதான் இருக்கோம்னு தெரிஞ்சேதான எழுதின?"

"ஆமா."

அக்கா திட்டவில்லை. சின்னவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

சின்னவள் பழைய கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். எங்காவது ஒரு தப்பு அகப்பட்டால் போதும், அக்கா காலில் விழுந்து அழுதுவிடலாம் என்றிருந்தது. தப்பு அகப்படவில்லை. வண்டி கீழேயே நின்றதால் ஒரே அறையில் குடியிருந்த நான்கு பேர் பிழைத்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தியும் பிழைத்திருந்தாள். அவர்களுக்கும் அக்காக்கள் இருப்பார்கள். கணக்கு சரியாக இருந்ததுதான் அவளை வாட்டியது.

ஆனால் ஒன்று உறைத்தது. வண்டி எங்கே போக வேண்டாம் என்று எழுதியவள், அங்கே இருமுகிறவன் எங்கே போவான் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதிகாரியிடம் போனாள். இருமல் மருந்து கேட்டுத் திரும்பத் திரும்ப வருகிறவர்களை மருந்துக் கடைக்காரர்களே இலவசச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பட்டும், வண்டிக்கு ஆகிற செலவில் இது கால் தூசு என்றாள். முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று அவர் கேட்டார். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அத்தான் வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து போனாள். அவர் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"வா கணக்கம்மா. என்னைக் கண்டுபிடிக்க எவ்வளவு ஆகும்னு போட்டிருந்த? அவ்வளவு பெறுவேனா நான்?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை என்பதைச் சின்னவள் அப்புறம்தான் கவனித்தாள்.

அக்கா அடுப்படியிலிருந்து திரும்பாமலே கேட்டாள். "வர்ற வருஷமாவது வண்டி வருமா?"

வரும் என்று சொல்லிவிடலாம். அக்கா திரும்பிப் பார்ப்பாள், பேசுவாள்.

"வராதுக்கா. கீழ இன்னும் நிறைய பேர் இருக்காங்க. இங்க மருந்துக் கடைங்கள்ல சொல்லி வச்சிருக்கோம்."

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"சின்னக்குட்டிக்கு மாத்திரை நேரமாச்சு," என்றாள் அக்கா கடைசியில். "நான் குடுத்தா துப்புறா. நீ குடுத்துப் பாரு."

அந்தக் குரலில் கோபம் ஆறியிருக்கவில்லை. சின்னவள் எழுந்து போய் மாத்திரைகளை எடுத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கியது.