ஊசி போட்ட வாய்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவர், நாற்காலியில் சாய்ந்ததும் நாட்டு நடப்பை ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாருக்கும் இலவச வைத்தியமாம். கண்டவன் பல்லுக்கு நான் ஏன் வரி கட்டணும், டாக்டர்? அவனவன் வாய், அவனவன் பாடு."

பதில் என் நாக்கு நுனியில் நின்றது. ஊசியைப் போட்டு, அவர் வாய் மரத்துப்போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு குறடைப் பிடித்தபடி, ஒருவர் நோய்க்கு ஊரே சேர்ந்து ஏன் கொடுக்க வேண்டும் என்று விலாவாரியாக விளக்கினேன். மனிதர் முறைத்தார்; பல் வந்தது.

வெளியே காத்திருந்த அவர் மனைவி அரசுப் பள்ளியில் டீச்சர். தன் மருத்துவ அட்டையை நீட்டினார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இவர் வைத்தியமெல்லாம் இதுலதான், டாக்டர். கவர்மென்ட் கட்டிடும்."

மனிதர் ஏதோ விளக்க அவசரமாக வாயைத் திறந்தார். பஞ்சுதான் வந்து விழுந்தது.