அடித்த வரி

மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய நோட்டு மட்டும் இன்னும் அந்த ஆளிடம் இருந்தது.

நினைவுபடுத்தியது என் மச்சினி. ஞாயிற்றுக்கிழமை காலை வந்தவள், என் ஃப்ரிட்ஜைத் திறந்து கெட்டுப்போனதையெல்லாம் குப்பைக் கவரில் போட்டபடியே பேசினாள்.

"மாமா, அக்கா அந்த டெஸ்ட் சீட்டை ஏழு மாசம் ஹேண்ட்பேக்ல மடிச்சு வச்சிருந்திருக்கா. உங்ககிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. அவர்கிட்ட மட்டும் வாராவாரம் எழுதிக் கொடுத்திருக்கா. அவருக்குத் தெரியாம இருக்குமா?"

"தெரியல."

"தெரியலன்னா போய்க் கேளுங்க. இல்ல, நான் போகட்டுமா? நான் போனா வாய் பேசாது, செருப்புதான் பேசும்."

"நானே போறேன்."

"பல்லையாவது விளக்கிட்டுப் போங்க."

மார்பில் இருந்த கட்டியைச் சோதிக்கச் சொல்லி ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சீட்டு அது. சாவுக்குப் பிறகுதான் கிடைத்தது. "ஏழு மாசம் முன்னாடி வந்திருந்தா" என்று, கடைசியில் அவளுக்கு வைத்தியம் பார்த்த பெரிய டாக்டர் அதன் தேதியைப் பார்த்ததும் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டிருந்தார். அந்த ஏழு மாதத்தில் யாருக்குத் தெரிந்திருந்தது? வீட்டில் மீதி இருந்த ஒரே கேள்வி அதுதான்.

அந்த ஆள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஞாயிறுதோறும் டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேர் அவரோடு கண்ணை மூடி உட்கார்வார்கள். மனதில் எழுந்ததைத் தினமும் இரண்டு வரி நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் சிவப்பு மையில் பதில் எழுதித் தருவார். விதி ஒன்றுதான்: காரணம் எழுதக் கூடாது. கோபம் வந்தது என்று எழுதலாம். மாமியாரால் வந்தது என்று எழுதக் கூடாது.

அவள் அவரை சார் என்பாள். நான் 'சிவப்பு மை' என்பேன். சிரிப்பாள்.

மூன்று வருடம் முன்பு கரு கலைந்தபோது அவள் ஐந்து மாதம் தலை வாரவில்லை. டாக்டர், வெளியூர்ப் பயணம், பூனைக்குட்டி என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன். அவளை எழுப்பியது அந்த நோட்டுதான். அவரிடம் போக ஆரம்பித்த சில வாரங்களில், ஒருநாள் தானாகவே ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்துப் போட்டாள். அன்று அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அதையும் சொல்லியாக வேண்டும்.

டயர் கடைக்காரர் படியை மறித்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேலயா? வகுப்பு முடிஞ்சுதே. நாங்க காத்து அடிக்கிறோம், அவங்க காத்தை இழுத்து இழுத்து விடுறாங்க. ரெண்டு கடையிலயும் ஒரே சரக்குதான்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் காலை மடக்கி வழி விட்டார்.

அறையில் அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறைதான் பார்த்திருக்கிறார், மயானத்தில். அடையாளம் தெரிந்துவிட்டது.

"உக்காருங்க" என்றார். நோட்டை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. ஆபீஸ் பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்தார். "தினமும் எடுத்துட்டு வரேன். உங்க வீட்டுத் தெரு வரைக்கும் மூணு தடவை வந்தேன். உள்ள வரத் தைரியம் வரல."

"அவளுக்கு உடம்பு சரியில்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

என் வேலை லிஃப்ட் பராமரிப்பு. விபத்து நடந்த இடத்தில் விசாரித்தால் எல்லோரும் முதலில் தெரியாது என்பார்கள். அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

அவள் கையெழுத்து. 'மார்பில் கட்டி இருக்கிறது, டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். பயமாக இருக்கிறது.'

முதல் வாக்கியத்தின் மேல் சிவப்புக் கோடு. அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. ஓரத்தில் அவர் எழுத்து: 'காரணம் வேண்டாம். பயத்தை மட்டும் பாருங்கள்.'

"படிச்சுட்டுத்தான் அடிச்சீங்களா?"

"கண்ணு படிச்சுது. அச்சகத்துல ஒரு நாளைக்கு எண்பது பக்கம் பார்க்கிறேன். தப்பு எங்கன்னுதான் தேடுவேன், என்ன எழுதியிருக்குன்னு பார்க்க மாட்டேன். அதே கண்ணோடதான் இங்கயும் உக்காந்திருக்கேன். விதியை மீறின வரி. அடிச்சுட்டேன்."

பக்கங்களைப் புரட்டினேன். 'பயம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன்.' பக்கத்தில் 'நன்று'. 'பயம் வந்தது. போய்விட்டது.' பக்கத்தில் 'மிக நன்று'. 'இன்று பயமே இல்லை.' அதன் கீழே சிவப்பில் இரண்டு கோடு.

"மத்தவங்களுக்கு அவங்களை உதாரணமா சொன்னேன்" என்றார். "எவ்வளவு தூரம் வந்துட்டாங்க பாருங்கன்னு. அவங்க பயத்துல ஒளிஞ்சுட்டிருந்தாங்க. நான் அதை அமைதின்னு நினைச்சேன். என்னால ஒருத்தங்க வளர்ந்துட்டாங்கன்னு நினைக்கறதுல ஒரு ருசி இருக்கு. அதுல ஒரு கேள்வி கேக்க மறந்துட்டேன். நாலு மாசமா யார்கிட்டயும் நோட்டு வாங்கறதில்ல."

நான் திட்டுவதற்காகக் காத்திருந்தார்.

கைபேசி அதிர்ந்தது. மச்சினி. 'என்ன சொல்றான் அந்த ஆளு?' அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். எல்லாம் அவர் தலையில் இறங்கிவிடும். கேமராவைத் திறந்தேன். பக்கத்தின் மூலையில் அவள் எழுதியிருந்த தேதி தெரிந்தது. செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நினைவிருக்கிறது. ஒரு வங்கிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர். நான் காதில் கைபேசியோடு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று, "டாக்டர் ஏதோ டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க" என்றாள். "இந்த வயசுல என்ன வந்துடப் போகுது, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றேன். "சரி" என்றாள். நாற்பது நிமிடத்தில் நான்கு பேரையும் பத்திரமாக வெளியே எடுத்தேன். அடுத்த மாதம் நான் கேட்கவில்லை. அதற்கடுத்த மாதமும் கேட்கவில்லை.

என்னிடம் அவள் சொல்லவே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

"பேனா இருக்கா?"

அவரிடம் சிவப்புதான் இருந்தது. அவர் அடித்த வரிக்குக் கீழே, அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் எழுதினேன். லிஃப்டையும் எழுதினேன். நோட்டை அவரிடம் நீட்டினேன்.

உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பேனாவுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.

நான் வாயைத் திறந்தபோது கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அது நிற்கும்வரை காத்திருந்தார். நின்றதும் மறுபடி கேட்டார். சொன்னேன். நன்று என்றும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நான் நிறுத்திய இடங்களிலெல்லாம் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார்.

படி இறங்கும்போது மதியம் இரண்டு மணி. நோட்டு என் கையில் இருந்தது. மச்சினியிடமிருந்து ஐந்து அழைப்புகள் தவறியிருந்தன. அவள் இன்னும் என் வீட்டில்தான் இருந்தாள், ஏதாவது சமைத்தும் வைத்திருப்பாள். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சொன்ன பிறகு அடுத்த ஞாயிறு அவள் வருவாளா என்று தெரியவில்லை.