நாக்கில் சாகும் சர்க்கரை

வாசலூர்பட்டி படகுத் துறைக்கு எதிரே அம்சவேணியின் கடை. மிளகு, மரவள்ளிச் சிப்ஸ், சர்க்கரை நோய்க்கென்று சிறுகுறிஞ்சான் பொடி. பொடியை விற்க அவளிடம் ஒரு வித்தை இருந்தது. வருகிறவர்களுக்குச் சிறுகுறிஞ்சானின் பச்சை இலையை மென்று தின்னக் கொடுப்பாள். பிறகு நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை. இனிப்பே தெரியாது, மணலைத் தின்றது போலிருக்கும்.

"வாயிலயே செத்துப்போச்சு பாருங்க. ரத்தத்துல மட்டும் பொழைச்சுக்குமா?" என்பாள். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

சனிக்கிழமை காலை சித்திகா பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கி வந்தாள். காரவள்ளி மளிகைக்கடைக்காரர் சைபுல்லாவின் மனைவி. மூன்று மாதத்துக்கு முன் இருவரும் சேர்ந்து வந்து பொடி வாங்கியிருந்தார்கள்.

"நாலு பாக்கெட் குடு."

"பாய் வரலீங்களா?"

"கால்ல புண்ணு. செருப்பு கடிச்சது, ஆறவே மாட்டேங்குது. சர்க்கரை நானூறு தாண்டிருச்சு. அன்னைக்கு மாத்திரைய விட்டவருதான். இலை இருக்கையில மாத்திரை எதுக்குன்னு நீ சொன்னியே."

சொல்லியிருந்தாள். சுற்றிக் கூட்டம் கூடி நின்ற உற்சாகத்தில் சொன்னது. பாக்கெட்டை எடுத்த கையை அம்சவேணி பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேனுங்க."

"ஏன், வெலைய ஏத்திட்டியா?"

"எனக்கும் சர்க்கரைதானுங்க. ஆறு வருஷமா மாத்திரை போடறேன். இலை நாக்கு ருசியத்தான் மறைக்கும். மாத்திரைக்குப் பதிலாகாதுங்க."

சித்திகா அவளையே பார்த்தாள். "உனக்கு மாத்திரை, எங்க வீட்டுக்காரருக்கு இலையா?"

அம்சவேணி குனிந்துகொண்டாள். சித்திகா நம்பரைப் போட்டு போனை நீட்டினாள். "நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீயே சொல்லு."

"என்ன அம்மணி, சரக்கு தீந்துபோச்சா?" என்றார் சைபுல்லா.

"பாய், அன்னைக்கு நான் சொன்னது பொய்யிங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மறுமுனையில் சிரிப்பு. "எம் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளா? சர்க்கரை மண்ணாட்டம் இருந்துச்சே. என் நாக்கு எங்கிட்டயே பொய் சொல்லுமா? பாக்கெட்டக் குடுத்தனுப்பு."

போனை வைத்துவிட்டார்.

எத்தனையோ பேரை நம்பவைத்த வாய்க்கு அந்த ஒருவரின் நம்பிக்கையைக் கலைக்கத் தெரியவில்லை. அம்சவேணி கடைப் படுதாவை இழுத்துவிட்டாள்.

"நானும் வாரேனுங்க. நேர்ல சொல்றேன். ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வாரேன்."

"திட்டுவாரு."

"திட்டட்டுங்க."

பஸ்ஸில் சித்திகா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். அம்சவேணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.