வடக்கே இருபதடிப் பாதை

"பாடிய உள்ள எடுத்துனு வராதீங்க" என்று வீட்டுக்காரம்மா தனம் கேட்டின் குறுக்கே வந்து நின்றபோது ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். வேடியப்பனின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டு, தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. மணிமொழி அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து இறங்கி வந்தாள்.

"ரெண்டு மணி நேரம்தான்க்கா. குளிப்பாட்டி, மாலை போட்டு எடுத்துடுவோம்."

"நான் இன்னா கல்நெஞ்சக்காரியா பாப்பா? நாளைக்குப் பௌர்ணமி கிரிவலம். மாடியும் கீழ ரெண்டு ரூமும் வெளியூர்க்காரங்களுக்குனு அட்வான்ஸ் வாங்கியாச்சு. பொணம் கெடந்த வீடுனு தெரிஞ்சா எவன் வந்து படுப்பான்? நீயே சொல்லு."

தனம் உண்மையிலேயே அழுதுகொண்டுதான் சொன்னாள். கேட்டைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. பௌர்ணமிக்கு ஆள் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே வேடியப்பன்தான். முப்பது வருடம் லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்தவர், அங்கே இடமில்லாமல் திரும்பிய கூட்டத்தைக் கூட்டிவந்து இந்த மாடியில் ஏற்றிவிட்டார். அந்த நன்றிக்குத்தான் இந்த அழுகை போலும்.

மணிமொழிக்குக் கோபம் வரவில்லை. தனக்கென்று ஓர் இடம் வைத்திருப்பவர்களுக்கு வாடகை வீட்டின் சொந்தக்காரர்கள்மேல் அவ்வளவாகக் கோபம் வராது.

"பரவால்லக்கா. எங்களுக்கு எடம் இருக்குது" என்றாள். டிரைவரிடம் திரும்பி, "வேங்கிக்கால் போங்கண்ணா. கலெக்டர் ஆபீஸ் தாண்டி உள்ள போணும்" என்றாள்.

தம்பி அருள்ராஜ் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். "அங்க வேணாம்க்கா. வெறும் முள்ளு. நேரா சுடுகாட்டுக்கே போயிடலாம்."

"அப்பா இன்னா சொல்லினு இருந்தாரு? என் பொணமாவது சொந்த எடத்துல எறங்கணும்னு சொன்னாரா இல்லியா? போன வாரம் ஆஸ்பத்திரில கூடச் சொன்னாரு."

"தம்பி சொல்றதக் கேளு மணி" என்றாள் அம்மா பச்சையம்மாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு.

இவர்களுக்கு எதிலும் குறுக்கு வழிதான் வேண்டும், செத்தவருக்குச் செய்வதிலும்கூட என்று நினைத்தபடி மணிமொழி வண்டியில் ஏறினாள்.

தொண்ணூற்றிரண்டில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன் வைத்துக் கூட்டிப்போய், தக்காளி சாதம் போட்டு மனை விற்றார்கள். வேர்க்கடலைக் கொல்லையில் வெள்ளைக் கல் நட்டு, மாதத் தவணை என்றார்கள். பன்னிரண்டாம் நம்பர் மனையை அப்பா தன் பேரில் எடுத்தார். ஐந்து வருடத் தவணையையும் கட்டியது மணிமொழி. அவளுக்கு அப்போது இருபது வயது. ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்கச் சேர்ந்திருந்தாள். "பேரு என்துதா இருந்தா இன்னா, எடம் உன்துதான்" என்று அப்பா சொன்னார்.

மனை வந்தது, வீடு வரவில்லை. சிமெண்டும் செங்கலும் எப்போதும் அவள் சம்பளத்துக்கு எட்டாத உயரத்திலேயே நின்றன. கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனை விலை ஏறிய ஏற்றம் அவளுக்கு விரல்நுனியில் தெரியும். வாங்கும்போது மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒரு சென்ட் கிடைத்தது. இப்போது இரண்டு வருடச் சம்பளமும் போதாது. ஒவ்வொரு பத்திரத்தை அடித்து முடிக்கும்போதும், நல்ல வேளை அன்றைக்கே வாங்கினோம் என்று மனசுக்குள் ஒரு குளிர்ச்சி இருக்கும். மனையை அவள் நேரில் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. "மாசாமாசம் கிரிவலம் போறப்ப நான் பாத்துட்டுதான வரேன். பாம்பு நடமாட்டம், நீ வராத" என்பார் அப்பா.

வண்டி நின்றது. பன்னிரண்டாம் நம்பர் மனையில் இடுப்பளவுக்குப் பேஸ்மட்டம் எழும்பியிருந்தது. லுங்கி கட்டிய ஓர் ஆள் அதன்மேல் நின்று ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

மணிமொழிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருங்க நீங்க? யார் எடத்துல யாரு வீடு கட்றது?"

அவர் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைப் பார்த்தார். "எம் பேரு கண்ணாயிரம்மா. பஸ்ல கண்டக்டரா இருக்கறேன். இது என் எடம்தான்."

"இது வேடியப்பன் எடம். தோ, செத்து வண்டில கெடக்கறாரு பாருங்க. நான் பத்திர ஆபீஸ்லதான் வேலை செய்யறேன். என்கிட்ட ஏமாத்த முடியாது."

"அக்கா, வா போலாம்" என்றான் அருள்ராஜ்.

கண்ணாயிரம் சண்டைக்கு வரவில்லை. மொபெட்டின் பையிலிருந்து, பேங்க் லோனுக்காக வைத்திருந்த ஜெராக்ஸ் கட்டை எடுத்துவந்து கொடுத்தார். "அவருதாம்மா எனக்கு எழுதிக் குடுத்தாரு. ஆறு வருசமாச்சு."

வேறு கடையில் அடித்த பத்திரம். தினமும் பத்துப் பத்திரம் படிக்கிறவள், இதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். விற்பவர் வேடியப்பன். வடக்கே இருபதடிப் பொதுப் பாதை. அப்பாவின் கோணல் கையெழுத்து. சாட்சி ஒன்று, அருள்ராஜ்.

தேதி தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு அவள் வேலூரில் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாதான் விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்து, துண்டைப் போட்டு ஜன்னல் சீட் பிடித்து உட்காரவைத்தார். பிஸ்கட் பொட்டலம் ஒன்றை வாங்கி நீட்டி, "பதட்டப்படாம அடி" என்றார். பஸ் நகரும்வரை கீழேயே நின்றார். பஸ் கிளம்புகிறதா என்று பார்க்கத்தான் நின்றிருக்கிறார்.

"நீ மலேசியா போனதுக்கா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஏஜென்ட் பணத்த ஒரேயடியாக் கேட்டான்க்கா. அப்பாதான் உன்கிட்டச் சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கினாரு."

"கீழ்பென்னாத்தூர் பெரியப்பா குடுத்தாருனு சொன்னீங்க."

ஏழே மாதத்தில் மலேசியாவிலிருந்து ஒரு சூட்கேசோடு திரும்பி வந்தவன் அவன்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"நீ மனசு ஒடிஞ்சி போவேனுதான்..." என்ற பச்சையம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

போன பொங்கலுக்குக்கூட மணிமொழி ஒரு பழைய ஸ்டாம்ப் பேப்பரின் பின்பக்கம் வீட்டுக்கு பிளான் போட்டாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சமையல்கட்டு தென்கிழக்கில் வரவேண்டும் என்று பென்சிலை வாங்கித் திருத்தினார். விற்று ஐந்து வருடம் ஆன மனையில் அடுப்பு எங்கே வைப்பது என்று அவ்வளவு அக்கறை. அதை நினைத்தபோதுதான் மணிமொழிக்குத் தாங்க முடியாமல் போனது. அழுகை வரவில்லை. எதிரில் நின்று கேட்க முடியாதபடி செத்துப்போய்விட்டாரே என்று கோபம்தான் வந்தது.

கண்ணாயிரம் தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நெனைக்காதம்மா. நானும் இத்தினி வருசம் வாடகை வீடுதான். எங்கம்மா செத்தப்ப நானும் இப்பிடித்தான் அலைஞ்சேன். ஆனா நாளானிக்கு வாசக்கால் வெக்கிறோம். உள்ள மட்டும் வேணாம்மா."

"வேணாங்க" என்றாள் மணிமொழி. பத்திரத்தை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

அவர்தான் செங்கல்லை அடுக்கி, சாரப் பலகை இரண்டைப் போட்டு, மனைக்கு வெளியே அந்த இருபதடிப் பாதையில் இடம் செய்துகொடுத்தார். வேடியப்பனை அதில் இறக்கினார்கள். டிரம்மிலிருந்த தண்ணீரை மொண்டு குளிப்பாட்டினார்கள். சித்தாள் பெண்கள் தூரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மதியத்துக்குள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேனில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஏன் நடுரோட்டில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "உள்ள வேலை நடக்குதில்ல" என்று அருள்ராஜ் சொன்னான். பேஸ்மட்டத்தைப் பார்த்த பெரியப்பா, "பரவால்ல, வேடியப்பன் ஆரம்பிச்சிட்டுதான் போயிருக்கான்" என்றார்.

பாடை கட்டிக் கிடத்தினார்கள். மேளம் அடித்தது. வாய்க்கரிசித் தட்டு சுற்றி வந்தது. முதலில் அம்மா போட்டாள். பிறகு அருள்ராஜ் மூன்று தடவை போட்டுவிட்டு, அப்பாவின் மார்மேல் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரோ அவனைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"பொண்ணு எங்க? வாம்மா, நேரமாவுது."

மணிமொழி தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு குனிந்தாள். ஏற்கெனவே போட்ட அரிசி அப்பாவின் உதட்டோரத்திலும் மீசையிலும் ஒட்டியிருந்தது. அவள் கையை வாயருகே கொண்டுபோனாள். பின்னால் நெரித்த கூட்டம் அவளை ஒதுக்கித் தள்ளியது. நான்கு பேர் குனிந்து பாடையைத் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் மாலையிலிருந்து சாமந்தி உதிர்ந்தது.

ஊர்வலம் திருப்பத்தில் மறைந்தபின் பச்சையம்மாள் அவளிடம் வந்தாள்.

"அப்பாவுக்குப் போட்டியா மணி?"

"போட்டேன்" என்றாள் மணிமொழி. மூடிய கைக்குள் அரிசி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.