தன்னைச் சேர்ந்தவர்களோடு

ஹத்ருமேத்தும் ஊர்க் கிறிஸ்தவ சபைக்கு நான்தான் வாசல்காப்பவன். நம்பாமோ என்றால் எல்லோருக்கும் தெரியும். யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்கிற வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் தெய்வங்களுக்குத் தூபம் போட்டு அதிகாரிகளிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று ரோமப் பேரரசர் ஆணையிட்ட வருஷம், எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் முண்டியடித்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். நான் போடவில்லை. ஒலிவத் தோப்பில் என் அத்தை வீட்டுப் பரணில் மூன்று மாதம் வீரமாக ஒளிந்திருந்தேன். என் மனைவி தொனாத்தா வீட்டிலேயே இருந்தாள். வீட்டைப் பறிக்க வந்தவர்கள் முன்னால் ஒரு சிட்டிகை தூபம் போட்டுவிட்டாள்.

ஆணை அடங்கியதும் இறங்கி வந்தேன். சபையில் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். மூப்பர் ரொகாத்துஸ் தொனாத்தாவைப் பற்றி விசாரித்தபோது, அவள் செய்ததற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். தூபம் போட்ட மற்றவர்களோடு அவளையும் வெளியே நிறுத்தினார்கள். ஞாயிறுதோறும் அவள் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்தினவன் நான்தான். பாஸ்காப் பண்டிகைக்குள் உள்ளே வந்து அப்பத்தில் பங்கு வாங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

செருப்புத் தைக்கிற பாரிக் சிறையில் பட்டினி கிடந்து, அடி வாங்கி, அப்படியும் தூபம் போடாதவன். அப்படிப்பட்டவன் பரிந்து கடிதம் கொடுத்தால், தூபம் போட்டு விழுந்தவர்களைச் சேர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். பாரிக்குக்கு எழுத்து வராது, மனசு தாராளம். யார் எதை எழுதிக்கொண்டு போய் நீட்டினாலும் அடியில் கோடு கிழித்துக் கொடுத்தான். மீன்சாறு வியாபாரி கெமெல்லுஸ் எழுதிக்கொண்டு போனது இது: “கெமெல்லுஸைத் தன்னைச் சேர்ந்தவர்களோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.” சேர்ந்தவர்கள் யார், எத்தனை பேர் என்று அதில் இல்லை.

முதல் ஞாயிறு பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தான். அடுத்த ஞாயிறு பதினேழு பேர். தொட்டி கழுவுகிறவர்கள், வாடகைக்குக் குடியிருக்கிறவர்கள், மாமியார் ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவன் இங்கே எந்தச் சாமி என்று என்னிடமே கேட்டான். மூப்பருக்குக் கோபம் வரவில்லை. உபத்திரவத்துக்கு முன்பு இருந்ததைவிடக் கூட்டம் அதிகம், தேவன் தம் சபையைப் பெருகப் பண்ணுகிறார் என்று கார்த்தேஜ் ஆயருக்குக் கடிதம் எழுதினார். பெருகப் பண்ணியது ‘ஓடு’ என்கிற இரண்டெழுத்து என்பது வாசலில் நின்ற எனக்குத்தான் தெரியும்.

பாஸ்காவுக்கு முந்தின ஞாயிறு கெமெல்லுஸின் கூட்டத்தில் தொனாத்தா நின்றாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வேறு யாரையும் கேட்காத கேள்வியை அவளைக் கேட்டேன்.

“நீ இவருக்கு என்ன வேணும்?”

“பதினாலு வருஷமா இவருகிட்ட மீன்சாறு வாங்குறேன்,” என்றாள். “கூட வர்றியாம்மான்னு கேட்டாரு. வேற யாரும் கேக்கல.”

சத்தம் கேட்டு மூப்பர் வந்தார். உள்ளே வருகிறவர்கள் தூபச் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும், அவர் அதைக் கிழித்துப் போடுவார். எதையும் உரக்க வாசித்தே பழகிய மனிதர், தொனாத்தா நீட்டியதையும் வாசித்தார்: “நம்பாமோவின் மனைவி தொனாத்தா, தன்னைச் சேர்ந்தவர்களோடு, தெய்வங்களுக்குத் தூபமிட்டாள்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று மாதம் என்னைத் தேடி ஒரு காவலனும் பரண் ஏறாதது என் சாமர்த்தியம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“சேர்ந்தவங்கன்னா யாரும்மா?” என்றார் மூப்பர்.

“எங்களுக்குப் புள்ள இல்லைங்க ஐயா. இவர் ஒருத்தர்தான்.”

சீட்டின் கணக்கில் நானும் தூபம் போட்டவன். மூப்பர் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வெளியே கையைக் காட்டினார். தொனாத்தா உள்ளே போனாள். நான் வெட்கத்தை விட்டு, என்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கெமெல்லுஸின் கையைப் பிடித்தேன்.

“ஒன்ன எந்தக் கணக்குலய்யா சேக்குறது?” என்றான். “எங்கிட்ட நீ ஒரு சாடி வாங்கினதில்லையே.”

உள்ளே போனவள் திரும்பி வந்தாள். என்னைப் பார்க்காமல் மூப்பரைப் பார்த்துச் சொன்னாள்.

“அவர் என்னைச் சேர்ந்தவர்ங்க ஐயா.”

அவளைப் பற்றி இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.