ஒதுக்கிய படங்கள்

சாக வேண்டிய வரிசை சாகவில்லை. கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தாள். மேசையில் இரண்டு வரிசை நிலவேம்புத் தொட்டிகள். இடப்பக்கச் செடிகளை நடுவதற்கு முன் அவற்றின் வேரைப் பாக்டீரியா கரைசலில் முக்கியிருந்தாள். வேரைச் சுற்றிப் பசைபோலப் படிந்து, இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் விடாமல் பிடித்துவைக்கும் மண் பாக்டீரியா அது. வலப்பக்கத்துக்கு ஆவியில் வேகவைத்த வெறும் மண். இரண்டுக்கும் ஒரே நாளில் தண்ணீரை நிறுத்தியாயிற்று. இந்நேரம் வலப்பக்கம் தலை தொங்கியிருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தைக் காட்டினால்தான் அவளுடைய வேலை ஒப்பந்தம் நீளும். இப்போதோ இரண்டு வரிசையும் அக்கா தங்கை மாதிரி ஒரே நிமிர்வில், ஒரே பச்சையில் நின்றன.

சந்தேகம் தோட்டக்காரர் மேல் போனது. எந்நேரமும் தோளில் ரப்பர் குழாயோடு திரிவதால் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவர் குழாய் அண்ணன். கண்ணாடி வீட்டின் இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது. வாடுவதைப் பார்க்க மனசு கேட்காமல் ரெண்டு குவளை ஊற்றிவிட்டாரோ என்று, விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"செடியப் பாத்துப் பாவப்பட நேரமிருந்தா, மொதல்ல என் முட்டியப் பாத்துப் பட்டிருப்பேன் மேடம்," என்றார்.

அவள் நம்பவில்லை. இயக்குநரிடம் சொன்னாள். புகார் என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாளே தோட்டக்காரரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, அவரை முன்வாசல் புல்வெளி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். வழியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார். முன்புபோல நின்று இரண்டு வார்த்தை பேசுவதில்லை. அந்த வளாகத்தில் தன்னிடம் அப்படி நின்று பேசியவர் அவர் ஒருவர்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

விவாகரத்துக்குப் பிறகு அவளாகக் கேட்டு வாங்கிய வேலை இது. வளாகத்தின் கோடியில் ஒரு குடியிருப்பு. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், எப்போதோ வாங்கி இன்னும் பிரிக்காத இன்னொரு தட்டு. உணவகத்தில் இளையவர்கள் ஒரே மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் போனால் மரியாதையாக நாற்காலியை நகர்த்தி இடம் தருவார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் சாப்பாட்டைக் கண்ணாடி வீட்டுக்கே எடுத்துப் போகப் பழகியிருந்தாள். வாரம் ஒருமுறை அக்கா கூப்பிடுவாள். உடம்பு, தூக்கம், தலைமுடி கொட்டுவது எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் அதையே கேட்பாள்.

"ஏண்டி, அங்க யார்கிட்டயாவது பேசுறியா?"

"பேசுறேன்க்கா."

"யார்கிட்ட?"

அவள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

தோட்டக்காரர் போன பிறகும் வலப்பக்க வரிசை வாடவில்லை. மண்ணின் ஈரத்தை அளந்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வறட்சி. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அதைப் பார்த்தபோதே இயக்குநரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். முதலில் காரணம் தெரியட்டும் என்று தள்ளிப்போட்டாள். வெறும் மண் தொட்டிகளிலிருந்து வேர் ஓரத்து மண்ணைக் கிள்ளியெடுத்துக் கரைத்து, ஆய்வுத் தட்டுகளில் தடவி வளர்த்தாள். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது தட்டுகள் எல்லாம் பச்சையாக மினுங்கின. அந்த ஒளியில் அப்படி மினுங்குவது அவளுடைய பாக்டீரியாவேதான். இருக்கக் கூடாத இடத்தில் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

யாரோ ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மண்ணைக் கொண்டுபோயிருக்க வேண்டும். யார் என்று பார்க்க ஒரு வழி இருந்தது. மேசைக்கு எதிரே தாங்கியில் நிறுத்திய கேமரா, இலைகள் எவ்வளவு தொங்குகின்றன என்று கணக்கிடுவதற்காக, வெளிச்சம் இருக்கும்போதெல்லாம் தானாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. செடிகளை ஏதாவது மறைத்தால் அந்தப் படம் உதவாது என்று கணினியே தனியாக ஒதுக்கிவிடும். ஒதுக்கிய படங்களை அவள் இதுவரை திறந்து பார்த்ததில்லை. குழாயும் காக்கிச் சட்டையும் தெரியும் என்று எதிர்பார்த்துத் திறந்தாள்.

ஒரு கை தெரிந்தது. கையுறை இல்லாத கை. இடப்பக்கத் தொட்டியில் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் அதே விரல் வலப்பக்கத் தொட்டியில். மணிக்கட்டில் அவளுடைய கடிகாரம். அடுத்தடுத்த படங்களிலும் அவள்தான். சாப்பாட்டு டப்பாவை மேசை ஓரத்தில் வைத்திருக்கிறாள். இலையைத் தடவுகிறாள், மண்ணை அழுத்திவிடுகிறாள், இந்தப் பக்கம் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் போகிறாள். கையுறை அணியவும் என்று வாசலில் எழுதி ஒட்டியதே அவள்தான். ஒன்றுகூட ஞாபகமில்லை. ஒரு படத்தில் செடியின் உயரத்துக்குக் குனிந்திருந்தாள். முகம் முழுதாகத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். படங்களை அழிப்பது ஒரு நொடி வேலை. தோட்டக்காரர் ஏற்கெனவே புல்வெளிக்குப் போய்விட்டார், யாரும் கேட்கப்போவதில்லை. இயக்குநருக்குச் சுருக்கமாக எழுதினாள். சோதனை செல்லாது, தொட்டிகளை அழிக்க வேண்டும். காரணம் என் கை. தோட்டக்காரர் மேல் தப்பில்லை, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடவும். முகம் தெரிந்த அந்தப் படத்தை இணைத்து அனுப்பிவிட்டு, கைபேசியில் அதைத் திறந்துகொண்டு முன்வாசலுக்கு நடந்தாள்.

அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் தடுமாறித் தடுமாறிச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கைபேசியை வாங்கிப் பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"இது நீங்களா மேடம்?"

"நான்தாண்ணே."

"நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல," என்றார். பிறகு, "அப்படி என்னதான் சொன்னீங்க அதுங்ககிட்ட?"

அவளும் எட்டி, தன் திறந்த வாயை இன்னொரு முறை பார்த்தாள். அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொட்டிகளை அள்ளிப்போகக் காலையில் தள்ளுவண்டி கொண்டுவருவதாகச் சொன்னார். மறுபடி குனிந்து குழாயைச் சுருட்டினார்.

திரும்பிப் போய்க் கண்ணாடி வீட்டு விளக்கைப் போட்டாள். பெட்டியிலிருந்து கையுறைகளை உருவி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு வலப்பக்க வரிசைக்கு முன்னால் நின்றாள். நீட்டிய ரப்பர் விரல் நுனிக்கும் இலைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. கேமராவை நிறுத்த மறந்திருந்தாள். அது ஒருமுறை கிளிக்கென்றது.